கலகம் எதைக் கவிழ்க்கிறது? சாதி ஒழுங்கை மீறிய வழிகளும் அவற்றின் பயனும்

1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் அரசு ஒரு பிரகடனம் வெளியிட்டது. நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம், குப்பாயம் என்ற மேல்சட்டை போட்டுக்கொள்ளலாம், மீனவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம். மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற விதத்தில் மட்டும் உடுத்தக் கூடாது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு நடந்த தோள்சீலைப் போராட்டத்துக்கு அரசு தந்த பதில் இது. துணியைக் கொடுத்த அரசு, அதைக் கட்டும் விதத்தைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. சமூக ஒழுங்கு எங்கே உயிர்வாழ்கிறது என்பதை அறிய இந்த ஒரு நிபந்தனை போதும். கோட்டையிலும் கச்சேரியிலும் அது இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் முந்தானை எந்தத் தோளில் விழுகிறது, செருப்பு காலில் இருக்கிறதா கையில் இருக்கிறதா, தண்ணீரை யார் மொள்ளுகிறார்கள், யார் வார்க்கிறார்கள் என்பவற்றில்தான் அது அன்றாடம் மூச்சு விடுகிறது.

அப்படியானால் அந்த ஒழுங்கைக் கவிழ்ப்பது என்றால் என்ன? அதற்கு எத்தனை வடிவங்கள் உண்டு? எந்த வடிவம் நிலைத்தது, எதை ஒழுங்கு விழுங்கிச் செரித்தது? கடந்த இருநூறு ஆண்டுகளில் தமிழகத்திலும் அண்டை நிலங்களிலும் சாதி ஒழுங்குக்கு எதிராக எழுந்த கலகங்களை முன்வைத்து இந்தக் கேள்விகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கலகம், கிளர்ச்சி, சீர்திருத்தம்

மூன்றையும் ஒன்றாகப் பேசுவது வழக்கம். பிரித்துப் பார்த்தால் தெளிவு பிறக்கும். கிளர்ச்சி அதிகாரத்தின் இருப்பிடத்தை நோக்கிப் போகிறது. அதை வீழ்த்தவோ கைப்பற்றவோ முனைகிறது. சீர்திருத்தம் அதிகாரத்திடம் மனுக் கொடுக்கிறது. விதியை மாற்றச் சொல்லிக் கேட்கிறது. கலகம் இவ்விரண்டுக்கும் காத்திருப்பதில்லை. விதி இன்னும் அமலில் இருக்கும்போதே, அது இல்லாதது போல ஒருவர் நடந்து காட்டுகிறார். விதி இயற்கையானது, தெய்வம் விதித்தது என்று அதுவரை இருந்த நம்பிக்கை அந்தச் செயலால் ஆட்டம் காண்கிறது. இங்கே கலகம் என்று நான் சொல்வது இந்தப் பொருளில்தான்.

இதற்குள்ளும் ஒரு வேறுபாடு உண்டு. விதியை மறைவாக மீறுவது ஒன்று. எல்லோரும் பார்க்க மீறுவது இன்னொன்று. இரவில் யாரும் அறியாமல் மேல்தெருக் கிணற்றில் தண்ணீர் எடுத்தவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருப்பார்கள். அவர்களுடைய தாகம் தணிந்திருக்கும். விதி அப்படியே இருந்திருக்கும். பட்டப்பகலில் அதே குடத்தோடு போகும்போதுதான் விதி கேள்விக்குள்ளாகிறது.

அறிஞர்களின் பார்வைகள்

மானிடவியலாளர் மாக்ஸ் கிளக்மன் தென்கிழக்கு ஆப்பிரிக்காவின் சூலு, சுவாசி மக்களின் சடங்குகளை ஆராய்ந்து, 1950களில் ஒரு கருத்தை முன்வைத்தார். பெண்கள் ஆண்களைப் போல நடந்துகொள்வதும் மக்கள் அரசனை ஏசுவதும் சில சடங்குகளின் பகுதியாகவே இருந்தன. இத்தகைய கலகங்கள் மனத்தாங்கலை வெளியேற்றி, ஒழுங்கை மேலும் உறுதியாக்குகின்றன என்றார் அவர். ருஷ்ய அறிஞர் மிகைல் பக்தின் ஐரோப்பியத் திருவிழாக்களின் கேலியிலும் தலைகீழாக்கத்திலும் இதற்கு மாறான ஒன்றைக் கண்டார். அரசனும் குருவும் நகைப்புக்கு உள்ளாகும் அந்தச் சில நாட்களில் மக்கள் வேறொரு உலகை உணர்ந்து பார்க்கிறார்கள் என்பது அவர் கருத்து.

ரணஜித் குகா 1983-இல் வெளியிட்ட நூலில் காலனிய இந்தியாவின் உழவர் எழுச்சிகளைப் பரிசீலித்தார். குடை, செருப்பு, பல்லக்கு, பேச்சுமுறை ஆகிய அதிகார அடையாளங்களைப் பறிப்பதும் அழிப்பதும் எழுச்சியின் மையத்தில் இருந்தன என்று காட்டினார். மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஒரு நெல் விளையும் கிராமத்தில் தங்கி ஆராய்ந்த ஜேம்ஸ் ஸ்காட், 1985-இல் இன்னொரு கோணத்தைத் திறந்தார். வேலையை இழுத்தடிப்பது, தெரியாததுபோல் நடிப்பது, முதுகுக்குப் பின்னால் பழிப்பது, கொஞ்சம் கொஞ்சமாகத் திருடுவது ஆகியவைதான் எளியவர்களின் அன்றாட ஆயுதங்கள் என்றார். எம்.என். சீனிவாஸ், கீழே வைக்கப்பட்ட சாதிகள் மேல்சாதி வழக்கங்களை மேற்கொண்டு மேலேற முயல்வதைச் 'சமஸ்கிருதமயமாக்கம்' என்று விளக்கினார்.

இவர்கள் ஒவ்வொருவரும் ஒரு வடிவத்தை நன்றாகப் பார்த்தவர்கள். நம் வரலாற்றில் எல்லா வடிவங்களும் ஒரே காலத்தில், சில வேளைகளில் ஒரே மனிதரிடம் கலந்து கிடக்கின்றன. ஆகவே வடிவத்தைப் பெயரிடுவதோடு நிற்காமல் இரண்டு கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்வோம். இந்தக் கலகத்துக்கு யாராவது அனுமதி கொடுத்தார்களா? மறுநாள் காலையில் யாருடைய வாழ்க்கை மாறியிருந்தது?

உடலில் எழுதிய விதி

சாதி முதலில் உடலில்தான் எழுதப்பட்டது. ஆகவே கலகமும் அங்கேதான் தொடங்கியது. 1809-இல் பிறந்த அய்யா வைகுண்டர், தலைப்பாகை கட்டும் உரிமை மறுக்கப்பட்ட ஆண்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபடச் சொன்னார். சாமித்தோப்பிலும் நிழல்தாங்கல்கள் என்ற வழிபாட்டிடங்களிலும் வழிபடுகிறவர் முன்னால் கண்ணாடி வைக்கப்பட்டது. கருவறைப் பக்கம் நெருங்கவே கூடாது என்று விரட்டப்பட்டவர், தெய்வத்தின் இடத்தில் தலைப்பாகையோடு தன் உருவத்தையே காண்கிறார். இதைவிடச் சுருக்கமாக ஓர் ஒழுங்கைக் கவிழ்க்க முடியுமா என்று தெரியவில்லை. திருவிதாங்கூர் அரசு அவரைச் சிறையில் அடைத்ததில் வியப்பில்லை.

1893-இல் வெங்ஙானூரைச் சேர்ந்த அய்யன்காளி, புலையர்கள் நடக்கவே தடையிருந்த பொதுச் சாலையில் வில்வண்டி ஓட்டிக்கொண்டு போனார். வெள்ளை வேட்டி, மேல்துண்டு, தலைப்பாகை, காளைகளின் கழுத்தில் மணி. அந்த மணியோசையும் ஓர் அறிவிப்புத்தான். சாலையை விட்டு ஒதுங்கவேண்டிய ஒருவர், தன் வருகையை ஊருக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டு வருகிறார். 1915-இல் கொல்லம் பகுதியில், சாதி அடையாளமாகத் தங்கள் கழுத்தில் சுமத்தப்பட்டிருந்த கல்மாலைகளைப் புலையப் பெண்கள் அறுத்தெறிந்தார்கள். பெரிநாட்டில் அதற்காக மோதலும் குடிசை எரிப்பும் நடந்தன. அய்யன்காளி கூட்டிய கூட்டத்தில் பெண்கள் மேடைக்கு முன்னால் மாலைகளைக் கழற்றிக் குவித்தார்கள்.

தோள்சீலையும் தலைப்பாகையும் மேல்சாதியாரைப் பார்த்துச் செய்த போலச்செய்தல்தானே, இதில் கலகம் எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. போலச்செய்வது தடை செய்யப்பட்டிருக்கும்போது, போலச்செய்வதே கலகம். அடையாளம் ஒருவருக்கு மட்டும் உரியதாக இருக்கும்வரைதான் அதற்கு மதிப்பு. எல்லோரும் அணிந்தால் அது வெறும் துணி. 1859-இன் பிரகடனம் அந்த ஒரு விதத்தை மட்டும் தடுத்துவைத்தது இதனால்தான். ஆனால் இந்த வழியில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஏணியில் ஒரு படி ஏறியவர், ஏணியை விட்டுவிட்டு வருவார் என்று உறுதியில்லை. தனக்குக் கீழே நிற்பவரின் தலையில் கால் வைத்து ஏறிய கதைகளும் நம்மிடம் நிறைய உண்டு.

தண்ணீர், தெரு, பந்தி

இடத்தை மீறிய கலகங்களில் மகாடு நகரில் நடந்தது தனித்துப் படிக்கவேண்டியது. பம்பாய் சட்டமன்றம் 1923-இலேயே பொதுக் குளங்களை எல்லோருக்கும் திறந்துவிடத் தீர்மானித்தது. மறு ஆண்டு மகாடு நகராட்சியும் சவதார் குளம் எல்லோருக்கும் பொது என்று முடிவெடுத்தது. முடிவு காகிதத்தில் இருந்தது. குளத்தில் ஒரு தலித்தும் இறங்கவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் ஊர்வலமாகச் சென்று, குனிந்து ஒரு கை நீர் அள்ளிக் குடித்தார். பின்னால் வந்தவர்களும் குடித்தார்கள். அன்றே அவர்கள் தாக்கப்பட்டார்கள். பிறகு குளத்துக்குத் தீட்டுக் கழிக்கப்பட்டது. நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பர் 25-இல் மகாடில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. குளத்தின் மீதான உரிமை வழக்கு 1937-இல்தான் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தாழ்த்தப்பட்டோருக்குச் சாதகமாக முடிந்தது. தீர்மானம், செயல், வன்முறை, தீட்டுக்கழிப்பு, வழக்கு, தீர்ப்பு என்று ஒரு கலகத்தின் முழு ஆயுளும் இந்தப் பதினான்கு ஆண்டுகளில் அடங்கியிருக்கிறது. சட்டம் மட்டும் இருந்தபோது ஒன்றும் நகரவில்லை; செயல் மட்டும் இருந்தபோது அது முறியடிக்கப்பட்டது; இரண்டும் சேர்ந்த பிறகே தண்ணீர் பொதுவானது.

1924 மார்ச் 30-இல் தொடங்கிய வைக்கம் போராட்டம் கோயிலுக்குள் நுழையக் கேட்கவில்லை. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்க உரிமை கேட்டது. தலைவர்கள் கைதானபோது தமிழகத்திலிருந்து பெரியார் போய்ப் போராட்டத்தை ஏற்று நடத்தி இருமுறை சிறை சென்றார். அவருடைய மனைவி நாகம்மையாரும் சகோதரி கண்ணம்மாளும் பெண்களைத் திரட்டினார்கள். 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்டோர் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நுழைந்தனர். நுழைந்தவர்களைப் பாதுகாக்க இராஜாஜி அரசு உடனே சட்டம் செய்தது.

பந்தியும் அப்படி ஒரு களம். 1867-இல் வடலூரில் வள்ளலார் தருமசாலையின் அடுப்பை மூட்டி, பசி ஒன்றே தகுதி என்று உணவிட்டார். 1917-இல் செறாயியில் சகோதரன் அய்யப்பன் ஈழவரும் புலையரும் சேர்ந்து உண்ணும் மிசிரபோஜனத்தை நடத்தினார். அவரை அவருடைய சாதியினரே விலக்கி வைத்தார்கள். தேசியப் பற்றோடு நடத்தப்பட்ட சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனிப்பந்தி போடப்பட்டதை எதிர்த்து எழுந்த குரல், தமிழக அரசியலையே திசைதிருப்பியது.

உதறுவதும் ஏற்பதும்

பெயரைச் சுற்றி நடந்த கலகம் நேர் எதிரான இரு வழிகளில் சென்றது. அயோத்திதாசர், இழிவாக்கப்பட்ட பெயரையே ஏற்க மறுத்தார். தம் மக்கள் சாதியற்ற ஆதித் தமிழர், பூர்வ பௌத்தர் என்று வாதிட்டார். 1898-இல் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றார். 1907 முதல் 'தமிழன்' இதழில் புராணங்களையும் பண்டிகைகளையும் பௌத்தக் கண்ணோட்டத்தில் தலைகீழாக வாசித்துக் காட்டினார். இரட்டைமலை சீனிவாசனோ 1893-இல் தாம் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். வசைச் சொல்லாக வீசப்பட்டதை முகப்பில் அச்சிட்டு விலைக்கு விற்றார். 1922-இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் சென்னை மாகாண அரசு ஆதி திராவிடர் என்ற பெயரை ஏற்றது.

இதே இரட்டை வழியைப் பறையிலும் காணலாம். சாவு வீட்டுக்குப் பறையடிப்பது கட்டாய ஊழியமாக இருந்தபோது, பல ஊர்களில் தலித் மக்கள் அடிக்க மாட்டோம் என்று மறுத்தார்கள். பறையைப் போட்டு எரித்தவர்களும் உண்டு. பின்னர் வந்த தலைமுறை, தலித் கலை விழாக்களில் அதே பறையை எழுச்சியின் கருவியாகத் தோளில் மாட்டியது. ஆண்கள் மட்டுமே தொட்ட அந்தக் கருவியைப் பெண்கள் எடுத்து ஆடினார்கள். மறுத்தவர் செய்தது சரியா, எடுத்தவர் செய்தது சரியா என்று வாதிடுவதில் பொருளில்லை. கட்டாயம் இருக்கும்வரை மறுப்பதுதான் கலகம். மறுக்கும் உரிமையை வென்றெடுத்த பிறகே அதைக் கலையாக ஏற்க முடிந்தது. இந்த வரிசை மாறினால், ஊழியமே கலை என்ற பெயரில் தொடரும்.

மணமேடையில் நடந்த புரட்சி

1925-இல் பெரியார் 'குடி அரசு' இதழைத் தொடங்கிய பிறகு சுயமரியாதை இயக்கம் கைவைத்த இடங்களில் மிக ஆழமானது திருமணம். 1928-இல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் நடந்த மணத்தை முதல் சுயமரியாதைத் திருமணம் என்பார்கள். மறு ஆண்டு செங்கல்பட்டில் கூடிய முதல் மாநில மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கத் தீர்மானித்தது.

அந்த மேடையை அருகில் நின்று பார்ப்போம். அக்கினி இல்லை, அம்மி இல்லை, அருந்ததி இல்லை. புரோகிதர் அமரும் இடத்தில் ஒரு நாற்காலி. அதில் தலைமை தாங்குபவர். முகூர்த்த நேரம் பார்க்காததோடு, வேண்டுமென்றே இராகு காலத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் பலர். மங்கல நிகழ்ச்சியில் முன்வரக் கூடாது என்று ஒதுக்கப்பட்ட கைம்பெண்கள் மேடையேறி வாழ்த்தினார்கள். மணமக்கள் ஒருவருக்கொருவர் வாழ்க்கைத் துணைவர் என்று எல்லோருக்கும் புரியும் தமிழில் உறுதி சொன்னார்கள். மாலை மாற்றினார்கள், சில மணங்களில் தாலியும் இல்லை. பிறகு இரண்டு மணி நேரம் சொற்பொழிவு. சாப்பிட வந்த உறவினர்கள் பெண்ணுரிமையும் சாதி ஒழிப்பும் கேட்டுவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு கல்யாண வீடும் ஒரு வகுப்பறையானது.

இதற்கான விலையைப் பெண்களும் குழந்தைகளும் கொடுத்தார்கள். 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய ஒரு மணம் சட்டப்படி செல்லாது என்றது. நாற்பது ஆண்டுக்காலம் சட்டத்தின் துணையில்லாமலே மக்கள் இப்படி மணந்துகொண்டிருந்தார்கள். அண்ணா முதல்வரானதும் 1967-இல் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, முன்னர் நடந்தவையும் செல்லும் என்றானது.

ஆனால் இந்த வெற்றியிலும் ஓர் ஓட்டை விழுந்தது. புரோகிதர் போனார், சாதிக்குள் மணம் முடிப்பது போகவில்லை. தலைவர் தாலி எடுத்துக் கொடுக்கும் மேடையிலும் இருவீட்டாரும் ஒரே சாதியாக இருப்பது இன்றைக்கும் சாதாரணக் காட்சி. 2016-இல் உடுமலைப்பேட்டையில் சாதி கடந்து மணந்த இளைஞர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். சடங்கை மாற்றியபோது முணுமுணுத்த சமூகம், சம்பந்தத்தை மாற்றும்போது அரிவாளை எடுக்கிறது. ஒழுங்கின் உயிர்நிலை எதுவென்று இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

அனுமதி பெற்ற கலகம்

வட கேரளத்தில் பொட்டன் தெய்யம் ஆடும்போது, ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த கலைஞர் தெய்வமாகிறார். ஆதிசங்கரரை வழிமறித்த சண்டாளனின் கதையை, சாதியின் பொருளின்மையைத் துளைத்துக் கேட்கும் கதையைப் பாடுகிறார். நெருப்புக் கங்கின் மேல் சாய்கிறார். தறவாட்டுப் பெரியவர்கள் கைகட்டி நின்று ஆசி பெறுகிறார்கள். முடி இறங்கி, முகச்சாயம் கழுவப்பட்டதும் அவர் மறுபடியும் பழைய மனிதர். கிளக்மன் சொன்னது இங்கே பொருந்தத்தான் செய்கிறது. இருந்தாலும், அந்தக் கேள்வியைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்கவைத்த நினைவின் வலிமையை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

விழுங்கிச் செரிப்பதற்கு நந்தனார் கதை பெரிய சான்று. சேக்கிழாரின் பெரியபுராணத்தில் அவர் தில்லைக்குள் நுழைகிறார், ஆனால் நெருப்பில் மூழ்கி, பூணூலும் சடையும் உடைய முனிவராக எழுந்த பிறகே நுழைகிறார். வாசல் திறந்தது உண்மை. திறந்தது புலைப்பாடியில் பிறந்த உடலை அழித்த பிறகு. ஒருவரைப் புனிதராக்கி உள்ளே எடுத்துக்கொண்டு, அவர் பிறந்த சேரியை வெளியிலேயே நிறுத்திவைக்கும் இந்த உத்தி மிகப் பழையது, இன்றும் பழுதில்லாமல் வேலை செய்வது. சிலையும் ஜெயந்தியும் வைத்துக் கலகக்காரர்களைக் கும்பிடும் ஊர்களில் அவர்கள் எதிர்த்த சுவர் அப்படியே நிற்கிறது.

ஒழுங்கின் எதிர்க்கலகம்

கீழிருந்து வருவது மட்டும் கலகம் என்று நினைத்தால் பாதியைத் தவறவிடுவோம். சட்டம் சமத்துவத்தின் பக்கம் நகர்ந்ததும், ஆதிக்கம் அந்தச் சட்டத்தையே கவிழ்க்கத் தொடங்கியது. 1996 உள்ளாட்சித் தேர்தலில் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஊராட்சிகளில் பத்தாண்டுகள் தலைவர் பதவி செயல்படவே விடப்படவில்லை. வேட்புமனு வராமல் பார்த்துக்கொண்டார்கள். தேர்தல் நடந்தபோது வென்றவரை உடனே பதவி விலக வைத்தார்கள். காகிதத்தில் எல்லாம் முறைப்படி நடந்தது. 2006-இல்தான் அங்கே முறையான தேர்தல் நடந்தது. மேலவளவில் பதவியேற்கத் துணிந்த ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30 அன்று தோழர்களோடு படுகொலை செய்யப்பட்டார்.

தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை சட்டப்படி குற்றமானபோது, தலித்துகளுக்கு மட்டும் தூக்கி எறியும் குவளை வந்தது. தெருவைப் பிரிக்க முடியாதபோது சுவர் வந்தது: மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989-இல் எழுந்த சுவரின் ஒரு பகுதி 2008-இல்தான் இடிக்கப்பட்டது. பெயருக்குப் பின்னாலிருந்த சாதிப் பட்டம் மறைந்தபோது மாணவர்களின் மணிக்கட்டில் வண்ணக் கயிறு வந்தது. நாங்குநேரியில் பள்ளி மாணவர் வீடுபுகுந்து வெட்டப்பட்ட பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024-இல் அந்தக் கயிறுகளைத் தடை செய்யப் பரிந்துரைத்தது.

நிலமும் விலையும்

1940களில் கீழத் தஞ்சையில் பண்ணையாட்களைத் திரட்டிய பி. சீனிவாசராவ், கூலிக்காகப் போராடியதோடு, சாணிப்பால் குடிக்கவைக்கும் தண்டனையையும் சவுக்கடியையும் ஒழிக்கவும் போராடினார். நிமிர்ந்து நிற்பது, முழங்காலுக்குக் கீழே வேட்டியை இறக்கிவிடுவது, அடித்தால் திருப்பி அடிப்பது ஆகியவை சங்கத்தின் கோரிக்கைகளோடு சேர்ந்தே வந்தன. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அவர்கள் கேட்டது கொஞ்சம் கூடுதல் நெல்லும் செங்கொடிச் சங்கத்தில் இருக்கும் உரிமையும்தான். குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. ஸ்காட் சொன்ன மறைவான ஆயுதங்களை மக்கள் ஏன் நாடுகிறார்கள் என்பதை வெண்மணி விளக்குகிறது. வெளிப்படையான கலகத்துக்கு உயிர் விலையாகும் இடத்தில், இழுத்தடிப்பதும் கூட ஒரு துணிச்சல்தான்.

நிலைத்தவை எவை?

இந்த வரலாற்றை ஒருசேரப் பார்க்கும்போது சில முடிவுகளுக்கு வர முடிகிறது. தனி ஒருவரின் மீறல் சாகசமாகவோ புனிதமாகவோ எளிதில் மாற்றப்படுகிறது. பலர் சேர்ந்து, திரும்பத் திரும்ப, தங்கள் அன்றாடத்திலேயே செய்யும் மீறலை அப்படி மாற்ற முடிவதில்லை. சுயமரியாதைத் திருமணம் நிலைத்ததற்கு, ஆயிரமாயிரம் குடும்பங்கள் சட்டத்துக்கு முன்பே அதைச் செய்து வழக்கமாக்கியது காரணம். சட்டம் அந்த வழக்கத்துக்குப் பாதுகாப்பளித்தது. மகாடு காட்டியதும் இதைத்தான்.

இன்னொரு முடிவு கொஞ்சம் கசப்பானது. உடை, பெயர், சாலை, கோயில் வாசல் ஆகியவற்றில் கலகம் பெரிதும் வென்றிருக்கிறது. நிலத்திலும் மணத்திலும் அது இன்னும் வெல்லவில்லை. அடையாளங்களை விட்டுக்கொடுத்த ஒழுங்கு, சொத்தையும் சம்பந்தத்தையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இவ்விரண்டையும் தொடாத கலகம் எவ்வளவு உரத்து ஒலித்தாலும், ஆதிக்கம் அதைச் சகித்துக்கொண்டு தன் வேலையைத் தொடரும்.

ஆகவே இன்று ஒரு செயலைக் கலகம் என்று கொண்டாடும் முன், ஏணியின் கடைசிப் படியில் நிற்பவருக்கு அதனால் என்ன மாறியது என்று கேட்கவேண்டும். அவருடைய மகள் விரும்பியவரை மணந்து உயிரோடு வாழ முடிகிறதா, அவர் உழும் நிலத்தில் அவருக்குப் பங்கு இருக்கிறதா, அவர் வென்ற பதவியின் நாற்காலியில் அவர் அமர முடிகிறதா என்று கேட்கவேண்டும். சாதி கடந்து மணந்தவர்களுக்கு ஊரும் உறவும் அரசும் துணை நிற்பதும், ஆணவக் கொலைகளுக்கு எதிராகத் தனிச்சட்டம் கேட்டு விடாமல் குரல் கொடுப்பதும், தலித் ஊராட்சித் தலைவரின் கையெழுத்துக்கு உள்ள அதிகாரத்தை அன்றாடம் காப்பதும் இந்தத் தலைமுறையின் கலகங்கள். முன்னோர் துணியையும் தண்ணீரையும் தெருவையும் வென்று தந்துவிட்டார்கள். மிச்சமிருப்பது கடினமான பகுதி. அதைச் செய்யவேண்டியவர்கள் நாம்.